மாயக் கதையில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு

 இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருந்தால் இறக்கிவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் என் மகள் ஒரு படம் போட்டிருந்தாள். திண்ணையில் உட்கார்ந்து நான் ஒரு தடிப் புத்தகம் படிக்கிற படம். புத்தகத்தின் பெயர் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. அதற்கு வந்த கமெண்ட்டுகளைப் படித்து இரண்டு நாள் சிரித்தேன். "டீச்சர், ஆறாம் வகுப்பில் நான் மடியில் வைத்து இரும்புக்கை மாயாவி படித்தபோது பிடுங்கி பீரோவில் பூட்டினீர்களே! இப்போது நீங்களே மாயாஜாலக் கதை படிக்கிறீர்களா?" என்று ஒருவன். "அத்தை, கோயில் குளம் போகிற வயசுல இதெல்லாம் தேவையா?" என்று என் தம்பி மகன். ஒரு மாணவி மட்டும் உண்மையாகவே கேட்டிருந்தாள்: "படம் பார்த்தேன் டீச்சர். சண்டைக் காட்சி எல்லாம் நன்றாக இருந்தது. ஆனால் எழுபது வருஷமாக உலகம் முழுக்க இந்தக் கதையைப் படிக்கிறார்களே, அப்படி என்ன இருக்கிறது இதில்?"

கமெண்ட்டில் நான்கு வரியில் பதில் சொல்லப் பார்த்தேன். முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் இலக்கியம் கற்றவள் இல்லை. டீச்சர் ட்ரெய்னிங் முடித்து, இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து, அப்படியே ஓய்வு பெற்றவள். என் ஆங்கிலம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். மகள் கல்லூரியில் படிக்கும்போது வாங்கிய மூன்று பாகங்கள் இவை. கொரோனா ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தபோது, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். முடிக்க ஒரு வருஷம் ஆயிற்று. இப்போது படிப்பது இரண்டாம் முறை.

எழுதியவர் ஜே.ஆர்.ஆர். டோல்கீன். அவரும் நம்ம ஜாதிதான், அதாவது வாத்தியார் ஜாதி. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில மொழி கற்பித்த பேராசிரியர். நான்கு பிள்ளைகள், சம்பளம் போதவில்லை. அதனால் கோடை விடுமுறையில் பள்ளி மாணவர்களின் பொதுத்தேர்வுத் தாள்களைத் திருத்தி உபரி வருமானம் பார்த்தார். ஒரு நாள் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டிருந்தான். விடைத்தாள் திருத்தியவர்களுக்குத் தெரியும், வெற்றுப் பக்கம் என்றால் எவ்வளவு சந்தோஷம்! அந்த வெற்றுப் பக்கத்தில், தரையில் ஒரு வளையில் குடியிருக்கும் 'ஹாபிட்' என்ற ஓர் உயிரைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் கிறுக்கி வைத்தார். ஹாபிட் என்றால் என்ன என்று அப்போது அவருக்கே தெரியாது. அந்த வாக்கியத்திலிருந்து வளர்ந்ததுதான் 1937-இல் வந்த 'தி ஹாபிட்' என்ற குழந்தைகள் நாவல்.

அந்தக் கையெழுத்துப் பிரதியை வெளியிடலாமா என்று பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் யாரிடம் கேட்டார் தெரியுமா? 10 வயதான தன் மகன் ரெய்னரிடம். பையன் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தான். அதற்குக் கூலி ஒரு ஷில்லிங். புத்தகம் நன்றாக விற்றது. அடுத்த பாகம் கேட்டார்கள். டோல்கீன் 1937 டிசம்பரில் எழுத உட்கார்ந்தார். நடுவில் ஓர் உலகப் போர் வந்து போயிற்று. எழுதி முடிக்க ஏறக்குறைய 12 வருஷம். அதற்குள் அந்தச் சிறுவன் ரெய்னர் வளர்ந்து, அப்பாவின் பதிப்பகத்திலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டான். இந்தப் புத்தகத்தால் ஆயிரம் பவுன் வரை நஷ்டம் வரலாம் என்று தெரிந்தும் வெளியிடலாம் என்று சொன்னது அவன்தான். காகித விலை ஏறியிருந்த காலம். ஒரே கதையை மூன்றாகப் பிரித்து 1954, 1955-இல் வெளியிட்டார்கள். முதல் பாகம் கையில் வந்தபோது டோல்கீனுக்கு வயது 62. ஓய்வு பெற்ற பிறகு இனி என்ன இருக்கிறது என்று புலம்பும் என் தோழிகள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கவும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சௌரான் என்ற கொடியவன் ஒரு மோதிரம் செய்து, தன் சக்தியில் பெரும்பங்கை அதில் வைத்திருக்கிறான். அது எப்போதோ அவன் கையை விட்டுப் போய்விட்டது. மறுபடி அவனிடம் கிடைத்தால் உலகமே அவனுக்கு அடிமை. நல்லவன் கையில் கிடைத்தாலும் ஆபத்துதான். நல்லது செய்யத்தான் பயன்படுத்துகிறேன் என்று ஆரம்பித்து, கடைசியில் அவனும் இன்னொரு சௌரான் ஆகிவிடுவான். ஆகவே அதை அழிக்க வேண்டும். அது உருவான எரிமலையின் நெருப்பில் போட்டால் மட்டுமே அழியும். அந்த மலை எதிரியின் நாட்டுக்கு நடுவில் இருக்கிறது. அந்த வேலையை ஏற்றுக்கொண்டு கிளம்புகிறவன் வீரனோ அரசனோ இல்லை. ஃப்ரோடோ என்ற ஒரு ஹாபிட். நம் இடுப்பு உயரம் இருப்பான். கிளம்பும்போது வயது 50. கூடவே அவனுடைய தோட்டக்காரன் சாம்.

இந்தக் கதை ஏன் இத்தனை காலம் நிற்கிறது என்று கேட்டால், வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் சில உண்டு. ஓர் உலகத்தையே அவர் படைத்தார் என்பார்கள். உண்மைதான். வரைபடம், ஆண்டுக் கணக்கு, வம்சாவளி என்று எல்லாம் இருக்கின்றன. மொழிகளைக்கூட இலக்கணத்தோடு உருவாக்கினார். அந்த மொழிகளைப் பேச ஓர் உலகம் வேண்டும் என்றுதான் கதைகளே பிறந்தன என்று அவர் சொல்லியிருக்கிறார். 1965-இல் அமெரிக்காவில் அனுமதி இல்லாமல் மலிவுப் பதிப்பு ஒன்று வந்து சர்ச்சையானதும், கல்லூரி மாணவர்கள் மத்தியில் புத்தகம் தீயாய்ப் பரவியதும் ஒரு காரணம் என்பார்கள். 2001 முதல் 2003 வரை பீட்டர் ஜாக்சன் எடுத்த மூன்று படங்களும், மூன்றாவது படம் வாங்கிய 11 ஆஸ்கர் விருதுகளும் இன்னொரு காரணம் என்பார்கள்.

எல்லாம் சரி. ஆனால் இவை ஆளை உள்ளே கூட்டி வரும், அவ்வளவுதான். வரைபடம் அழகாக இருக்கிறது என்பதற்காக யாரும் ஆயிரம் பக்கத்தை இரண்டாம் முறை படிக்க மாட்டார்கள். படம் வருவதற்கு முன்பே, 1997-இல் இங்கிலாந்தில் ஒரு பெரிய புத்தகக் கடை நடத்திய வாக்கெடுப்பில், அந்த நூற்றாண்டின் சிறந்த புத்தகம் என்று வாசகர்கள் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படியானால் வேறு ஏதோ இருக்க வேண்டும். அது கதையின் முடிவில் இருக்கிறது என்பது என் கருத்து. முடிவு தெரியக் கூடாது என்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, புத்தகம் வாங்கப் போகலாம்.

முடிவில் ஃப்ரோடோ தோற்றுப்போகிறான்.

பட்டினி, தாகம், காயம் எல்லாம் தாங்கி, கடைசியில் நடக்கவும் முடியாமல் சாம் முதுகில் சுமக்க, மலை உச்சிக்கு வந்து சேர்கிறான். நெருப்பு முன்னால் இருக்கிறது. மோதிரத்தைப் போட வேண்டியதுதான் பாக்கி. போட முடியவில்லை. மோதிரம் அவனை முழுசாக ஆட்கொண்டுவிட்டது. இது எனக்கே வேண்டும் என்று விரலில் மாட்டிக்கொள்கிறான். இத்தனை பக்கம் நம்பிக் கூட வந்த நமக்கு எப்படி இருக்கும்! முதல் தடவை படித்தபோது, எனக்குத்தான் ஆங்கிலம் சரியாகப் புரியவில்லை என்று நினைத்து அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அந்த நேரத்தில் கோல்லம் வந்து பாய்கிறான். (கோலம் என்று எழுதினால் நம் வாசல் கோலம் ஆகிவிடும்.) இவனும் முன்பு ஹாபிட் இனத்தைப் போன்றவன்தான். இந்த மோதிரத்துக்காகச் சொந்தக்காரனையே கொன்று, பல நூறு வருஷம் அதை வைத்திருந்து, அதைப் பறிகொடுத்து, மெலிந்து கறுத்து எலும்பும் தோலுமாக அலைகிறவன். ஃப்ரோடோவின் விரலைக் கடித்து எடுத்து, மோதிரம் கிடைத்த சந்தோஷத்தில் குதித்து, கால் தவறி நெருப்பில் விழுகிறான். மோதிரமும் அழிகிறது. உலகம் பிழைக்கிறது.

இந்த முடிவைப் பார்த்துக் கோபப்பட்டு ஒரு வாசகர் டோல்கீனுக்கே கடிதம் எழுதினாராம். ஃப்ரோடோ துரோகி, அவனைக் கொண்டாடுவதற்குப் பதில் தூக்கில் போட்டிருக்க வேண்டும் என்கிற மாதிரி. டோல்கீன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கடிதங்களில் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன்: ஃப்ரோடோ தன் உடம்பிலும் மனதிலும் இருந்த கடைசிச் சொட்டு வரை செலவழித்தான். அது அவனை அந்த இடம் வரை கொண்டுவந்து சேர்க்க மட்டுமே போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் யாராலும் முடிந்திருக்காது. அதனால் அவன் எல்லா மரியாதைக்கும் உரியவன்.

இதை வெறுமனே கற்பனையில் எழுதியவர் இல்லை அவர். 1916-இல் பிரான்சில் சோம் போர்க்களத்தில் இளம் ராணுவ அதிகாரியாக இருந்தவர். அந்தப் போர் தொடங்கிய ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் மட்டும் 19,000 பேருக்கு மேல் செத்தார்கள். பள்ளியில் டோல்கீனோடு சேர்ந்து டீ குடித்து, கவிதை பேசிய நெருங்கிய நண்பர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் அந்த முதல் நாளிலேயே போனார். இன்னொருவர் அதே வருஷம் டிசம்பரில் போனார். டோல்கீனுக்குப் பேன்களால் பரவும் பதுங்குகுழிக் காய்ச்சல் வந்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால் பிழைத்தார். இருபத்து நான்கு வயதில் இதைப் பார்த்தவருக்கு, முயற்சி செய்தவன் எல்லாம் ஜெயிப்பான் என்று எழுத எப்படி மனசு வரும்? செத்துப்போன அந்தப் பையன்கள் எல்லாம் முயற்சி போதாமலா செத்தார்கள்?

இங்கேதான் எனக்கு உறைத்தது. "முயன்றால் முடியாதது இல்லை" என்று கரும்பலகையின் மேல்பகுதியில் எத்தனை வருஷம் எழுதிப் போட்டிருக்கிறேன்! உங்களில் பாதிப் பேருக்கு என் கையெழுத்து நினைவிருக்கும். சோம்பி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது நல்ல வாக்கியம்தான். ஆனால் முயன்றும் முடியாமல் போனவனுக்கு? பரீட்சையை நான்கு முறை எழுதியும் மூன்று மதிப்பெண்ணில் விட்டவனுக்கு, கடையை ராப்பகலாக நடத்தியும் மூட வேண்டி வந்தவனுக்கு, அம்மாவின் வியாதிக்கு இருந்த நகையெல்லாம் விற்றும் காப்பாற்ற முடியாதவளுக்கு அந்த வாக்கியம் என்ன சொல்லும்? நீ சரியாக முயலவில்லை என்று சொல்லும். உங்களில் சிலர் எனக்கு வாட்ஸ்அப்பில் தனியாக எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் சொல்கிறேன். அந்த வாக்கியத்தை முழுசாக அழிக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னொன்றை நான் எழுதியிருக்க வேண்டும்: முழுதாக முயன்றவனை, முடியவில்லை என்றாலும் மதிக்க வேண்டும். இத்தனை வருஷம் கழித்து இதை ஒரு மாயக் கதை எனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

சரி, ஃப்ரோடோ தோற்றுவிட்டான் என்றால் உலகம் எப்படிப் பிழைத்தது? கோல்லம் தற்செயலாக வழுக்கி விழுந்ததாலா? அங்கே வரை கோல்லம் உயிரோடு இருந்ததே ஏன் என்று கேட்டால்தான் விஷயம் புரியும். அவனைக் கொல்லச் சந்தர்ப்பம் ஒரு தடவை இல்லை, பல தடவை வந்தது. ஃப்ரோடோவின் மாமா முறைக்காரர் பில்போ, பல வருஷத்துக்கு முன் ஓர் இருட்டுக் குகையில் கையில் வாளோடு நின்றும், அவன் பரிதாப நிலையைப் பார்த்துக் கொல்லாமல் விட்டார். அப்போதே கொன்றிருக்கலாமே என்று ஃப்ரோடோ ஆரம்பத்தில் ஆத்திரப்படுகிறான். காண்டால்ஃப் என்ற முதியவர் அவனைத் தடுத்து, அவன் சாகத் தகுதியானவனாகவே இருக்கட்டும், ஆனால் தீர்ப்பு எழுத அவசரப்படாதே, எதன் முடிவு எங்கே போகும் என்று எவ்வளவு பெரிய அறிவாளிக்கும் தெரியாது என்கிற பொருளில் பேசுகிறார். பிறகு கோல்லத்தை நேரில் பார்க்கும்போது ஃப்ரோடோவும் கொல்லவில்லை. கடைசியில் மலைச்சரிவில் சாமுக்கும் அந்தச் சந்தர்ப்பம் வருகிறது. அவனாலும் முடியவில்லை. மூன்று பேர் காட்டிய இரக்கம்தான் அந்த ஆளை உச்சி வரை கொண்டுவந்தது. ஃப்ரோடோவின் பலம் தீர்ந்த இடத்தில் அந்த இரக்கம் வேலை செய்தது.

ஒரு விஷயம் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். 1937-இல் முதலில் வந்த 'தி ஹாபிட்' புத்தகத்தில் இந்த இரக்கக் காட்சியே கிடையாது. அதில் பில்போவும் கோல்லமும் சண்டை இல்லாமல் பிரிந்துபோவார்கள். பெரிய கதையை எழுதிக்கொண்டு போகும்போதுதான் டோல்கீனுக்கு அது வேண்டும் என்று தெரிந்தது. திரும்பிப் போய், அச்சாகி விற்றுக்கொண்டிருந்த புத்தகத்தின் அந்த அத்தியாயத்தையே மாற்றி எழுதினார். 1951-இல் வந்த பதிப்பில் அது சேர்ந்தது. விடைத்தாள் திருத்தியவர் இல்லையா, தன் தாளையே திருத்திக்கொண்டார்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் எழுதுகிறேன்.

இரண்டாம் பாகத்தின் முடிவில் ஒரு சின்னக் காட்சி. சண்டை இல்லை, மந்திரம் இல்லை. செங்குத்தான படிக்கட்டில் ஃப்ரோடோவும் சாமும் களைத்துத் தூங்குகிறார்கள். கோல்லம் வருகிறான். அவர்களைக் காட்டிக்கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வருகிறான். தூங்கும் ஃப்ரோடோவைப் பார்த்ததும் அவன் முகம் மாறுகிறது. ஒரு நொடி, எல்லாம் இழந்த ஒரு கிழவன் மாதிரி தெரிகிறான். நடுங்கும் கையை நீட்டி ஃப்ரோடோவின் முழங்காலை மெல்லத் தொடுகிறான். அப்போது சாம் விழித்துக்கொள்கிறான். திருட்டுத்தனமாக என்ன செய்கிறாய் என்று சுள்ளென்று கேட்கிறான். அவ்வளவுதான். அந்த நொடி போயிற்று. கோல்லம் பழைய கோல்லம் ஆகிவிடுகிறான். தான் எழுதியதிலேயே தன்னை மிகவும் உலுக்கிய இடங்களில் ஒன்றாக இதை டோல்கீன் சொல்லியிருக்கிறார்.

சாம் கெட்டவன் இல்லை. கதையிலேயே நல்லவன் அவன்தான். தன்னோடு போர்முனையில் இருந்த சாதாரணச் சிப்பாய்களின் சாயலில்தான் டோல்கீன் அவனைப் படைத்தார். அவன் சந்தேகப்பட்டதிலும் தப்பு இல்லை. கோல்லம் நம்பத்தக்கவனா என்ன? ஆனாலும் அந்த ஒரு வார்த்தை.

இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன். தொண்ணூறுகளில் ஏழாம் வகுப்பில் ஒரு பையன். பென்சில் பாக்ஸ் காணோம், பேனா காணோம் என்றால் எல்லார் கண்ணும் அவன் பக்கம்தான் போகும். பல முறை அது சரியாகவும் இருக்கும். ஒரு நாள் மாலை மணி அடித்து எல்லாரும் போன பிறகு, மறந்துவிட்ட குடையை எடுக்க நான் வகுப்புக்குத் திரும்பினேன். அவன் மட்டும் தனியாக நின்று கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான். யாரும் சொல்லாமல். மேலே இருந்த என் வாக்கியத்தை விட்டுவிட்டு, சுற்றிலும் சுத்தமாக. நான் கேட்டது: "என்னடா, எல்லாரும் போனப்புறம் எதை எடுக்க நிக்கிற?" அவன் ஒன்றும் சொல்லவில்லை. டஸ்டரை மேஜையில் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் கரும்பலகை பக்கமே வரவில்லை. அடுத்த வருஷம் குடும்பத்தோடு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். என் வார்த்தையால்தான் போனான் என்று சொல்ல மாட்டேன். பிழைப்புக்காகப் போன குடும்பம் அது. ஆனால் அந்த நொடி வந்ததும், அதை நான் கெடுத்ததும் உண்மை.

அவன் பிறகு என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. நான் அன்பாகப் பேசியிருந்தாலும் திருந்தியிருப்பானா என்பதும் தெரியாது. இந்த நாவலிலும் இரக்கம் காட்டியவர்கள் யாருக்கும், பின்னால் பலன் வரும் என்று தெரியாது. தெரிந்து காட்டினால் அது கணக்கு. வாத்தியார்கள், அம்மா அப்பாக்கள், இப்போது மேனேஜர்களாகவும் சூப்பர்வைசர்களாகவும் இருக்கிற என் மாணவர்கள் எல்லாரும் தினமும் இந்த இடத்தில்தான் நிற்கிறோம். கையில் வாள் இல்லை, நாக்கு இருக்கிறது.

இன்னும் ஒரு காரணமும் உண்டு. ஜெயித்து ஊருக்கு வந்ததும் 'சுபம்' போடுகிற கதை இல்லை இது. ஹாபிட்டுகள் ஊர் திரும்பினால், அங்கே மரங்களை வெட்டி, ஆற்றில் கழிவைக் கலந்து, ஊரையே சிலர் பாழாக்கி வைத்திருக்கிறார்கள். டோல்கீன் சிறுவனாக இருந்த சேர்ஹோல் என்ற கிராமத்தை பர்மிங்காம் நகரம் விழுங்கிவிட்டது. அந்த வலி இதில் இருக்கிறது. படத்தில் இந்தப் பகுதியை விட்டுவிட்டார்கள். படம் மட்டும் பார்த்தவர்களுக்கு அது நஷ்டம். சாம் கன்று நட்டு, மண்ணைத் திருத்தி ஊரை மீட்கிறான். ஃப்ரோடோவை மட்டும் மீட்க முடியவில்லை. ஒவ்வொரு வருஷமும் காயம் பட்ட அதே தேதியில் அவனுக்கு உடம்புக்கு வந்துவிடும். சாமுக்குத் தெரியாமல் மறைத்துக்கொள்வான். கடைசியில் கப்பல் ஏறி, திரும்பாத பயணம் போய்விடுகிறான். ஆறாத காயம் சிலது உண்டு என்று ஒப்புக்கொள்கிற கதைகள் குறைவு. வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிற குடும்பங்களுக்கு இது புரியும்.

குறையே இல்லாத புத்தகமா? இல்லை. பெண்கள் மிகக் குறைவு. எயோவின் என்ற இளவரசி ஆண் வேஷத்தில் போருக்குப் போய், எந்த ஆணாலும் வீழ்த்த முடியாத எதிரியை வீழ்த்துவாள். அந்த இடத்தில் நான் கை தட்டினேன். ஆனாலும் ஆயிரம் பக்கத்துக்கு அது போதாது. எதிரிப் படையான ஓர்க்குகளில் ஒருவன்கூட நல்லவன் இல்லையா என்ற கேள்வி எனக்கு உண்டு. எதிரிகளாக வருகிற மனிதர்கள் கிழக்கிலும் தெற்கிலும் இருந்துதான் வருகிறார்கள் என்பதும் உறுத்துகிறது. மேற்கே இருந்து எழுதியவரின் பார்வை அது. விமர்சகர்களும் சும்மா விடவில்லை. எட்மண்ட் வில்சன் என்ற பெரிய அமெரிக்க விமர்சகர் 1956-இல் இதைச் சிறுபிள்ளைத்தனமான குப்பை என்றே ஒதுக்கினார். 1961-இல் நண்பர் சி.எஸ். லூயிஸ் டோல்கீன் பெயரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார். நோபல் குழு அதை ஏற்கவில்லை.

இதெல்லாம் நிஜத்திலிருந்து தப்பி ஓடுவது என்ற குற்றச்சாட்டும் உண்டு. என் தம்பி மகன் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். அதற்கு டோல்கீனே 1939-இல் ஒரு சொற்பொழிவில் பதில் சொன்னார். போர்க்களத்தை விட்டு ஓடுகிறவன் வேறு, சிறைக்குள் இருக்கிறவன் வெளியுலகத்தை நினைப்பது வேறு, இரண்டையும் குழப்பாதீர்கள் என்பது அதன் சாரம். எனக்கு அவ்வளவு தத்துவம் தெரியாது. என் அனுபவத்தைச் சொல்கிறேன். இந்தக் கதை என்னை எங்கேயும் தப்பி ஓட விடவில்லை. முப்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு வகுப்பறை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஆகவே, கேட்ட மாணவிக்கு என் பதில் இதுதான் அம்மா. பலசாலி ஜெயிக்கிற கதைகள் ஏராளம். அவற்றை ஒரு முறை பார்த்துவிட்டு மறந்துவிடலாம். தன்னால் முடிந்ததெல்லாம் செய்தும் முடியாமல் போனவனை மதிக்கிற கதை, தகுதி பார்க்காமல் காட்டிய இரக்கம் கடைசியில் காப்பாற்றுகிற கதை, இவை வயது ஏற ஏறத்தான் புரியும். இருபதில் படித்தவர்கள் அறுபதில் மறுபடி எடுக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். புத்தகம் எழுபது வருஷம் நிற்பது அப்படித்தான்.

படிக்க நினைப்பவர்கள் முதலில் 'தி ஹாபிட்' படியுங்கள். சின்னப் புத்தகம், எளிய ஆங்கிலம். பெரியதில் முதல் நூறு பக்கம் மெதுவாகத்தான் போகும். விட்டுவிடாதீர்கள். பாட்டுகள் புரியாவிட்டால் தாண்டிப் போங்கள், யாரும் மதிப்பெண் குறைக்கப் போவதில்லை.

இரும்புக்கை மாயாவியைப் பறிகொடுத்த தம்பிக்கு: பீரோ சாவியை ஒப்படைத்தபோது உன் புத்தகம் அதில் இல்லையப்பா. யார் எடுத்துப் படித்தார்களோ! அடுத்த முறை ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வா. ஒன்று வாங்கி வைக்கிறேன்.

கரும்பலகை துடைத்தவன் இதைப் படிக்க வாய்ப்பு குறைவு. ஆனால் அந்த வகுப்பில் இருந்தவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயரைக் கமெண்ட்டில் போட வேண்டாம். அவனோடு யாருக்காவது தொடர்பு இருந்தால், டீச்சர் உன்னை விசாரித்தார் என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை நானே அவனிடம் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்